கடலாடும் பருவம்
திண்டுக்கல் சமவெளியினர் இராமேசுவரத் தீவுக்குச் செல்லத் தக்க காலம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் எல்லையாக நிற்க, இடைப்பட்ட செம்மண் சமவெளியில் வாழும் திண்டுக்கல் மக்களுக்குக் கடல் அன்றாடம் காணும் பொருளன்று. ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடோ கல்லூரிச் சுற்றுலாவிலோ சென்று கண்டு மீளும் பொருளாகும். மதுரை வழியாக ஏறத்தாழ 235 கிலோமீட்டர் சென்றால் பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேசுவரத் தீவை அடையலாம். இரண்டு நாளில் சென்று மீளத்தக்க தொலைவில் நமக்கு வாய்த்துள்ள பெருந்தீவு இதுவே.

இத்தீவுக்கு எப்போது செல்வது? 'விடுமுறை கிடைக்கும்போது' என்பதே நம்மிடையே வழங்கும் விடை. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை டிசம்பரிலும் மே மாதத்திலும் கிடைக்கிறது. ஆகவே பேருந்துகளும் வேன்களும் அவ்விரு மாதங்களிலேயே தீவை நோக்கி நிரம்பிச் செல்கின்றன. ஆனால் விடுமுறைக்கு ஏற்ற காலம் கடலுக்கும் ஏற்ற காலமா என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசியலில் வினை முடிப்பார்க்குக் கூறப்பட்டவை. எனினும் கடலாடச் செல்வார்க்கும் அம்மூன்றும் பொருந்தும். கடலின் வலியையும், அது தணியும் காலத்தையும், தணிந்து கிடக்கும் இடத்தையும் அறிந்து செல்வதே தக்கது. அவற்றுள் நடுவில் நிற்கும் காலமறிதலை முதன்மையாகக் கொண்டு சில செய்திகளைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஞாயிறு ஆளும் தீவுகள்

உலகில் கடற்கரை விடுமுறைக்குப் பெயர் பெற்றவை மத்தியதரைக் கடலின் தீவுகளாகும். சைப்ரசு, கிரீட்டு, மால்ட்டா, சிசிலி, மயோர்க்கா ஆகியவற்றுக்கு ஐரோப்பிய மக்கள் ஆண்டுதோறும் பெருந்திரளாகச் செல்கின்றனர். எம்மாதத்தில் செல்வது என்பது அவர்களிடையே விரிவாக ஆராயப்படும் பொருள். அவர்கள் ஆராயும் முறையை அறிவது நமக்குப் பயன் தரும்.

அங்குக் கோடை வறண்டது. மழை குளிர்காலத்தில் பெய்வது. சூன் முதல் ஆகஸ்டு வரை மழை அரிது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் அலையும் மிகுதி. கடல்நீரின் வெப்பம் குளிர்கால இறுதியில் 16, 17 பாகை செல்சியசு அளவுக்குத் தாழ்ந்து, ஆகஸ்டில் 26, 27 பாகையை எட்டுகிறது. நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும் இயல்பினது. ஆதலின் ஏப்ரலில் வெயில் இனிதாக இருந்தும் நீர் குளிர்ந்தே இருக்கும். அக்டோபரில் வெயில் தணிந்த பின்னும் நீரின் வெப்பம் எஞ்சியிருக்கும். இதனால்தான் கூட்டமும் கடுவெயிலும் மிகுந்த சூலை, ஆகஸ்டு மாதங்களை விடுத்து, மே இறுதியையும் செப்டம்பரையும் தேர்பவர் பலர்.

ஆக, அங்குக் காலத்தை முதலில் முடிவு செய்வது ஞாயிறு. காற்றின் பங்கும் அங்கு இல்லாமல் இல்லை. ஏகியன் கடலில் சூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் 'மெல்தெமி' என்னும் காற்றால் கிரீட்டுத் தீவின் வடகரை அலைமிகுந்திருக்கத் தென்கரை அமைதியாக இருப்பதுண்டு. எனினும் அது அங்கு இரண்டாவதாக எண்ணப்படுவதே.

நம் தீவின் நிலை வேறு. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் நீரின் வெப்பம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 25 முதல் 31 பாகைக்குள் அமைகிறது. நீர் குளிர்ந்துவிட்டதே என்று கரையில் நிற்க வேண்டிய நாள் நமக்கு இல்லை. வெயிலுக்கும் குறைவில்லை. ஆதலின் இராமேசுவரத் தீவில் காலத்தை முடிவு செய்வது காற்றேயாகும். இவ்வேறுபாட்டை உணராது, 'கோடை வந்தது, கடலுக்குச் செல்வோம்' என்று புறப்படுவது பிறர் நாட்டுப் பருவத்தை நம் நாட்டில் வைத்துப் பார்ப்பதாகும்.

பெரும்பொழுதும் நெய்தலும்

காலத்தையும் நிலத்தையும் இணைத்து எண்ணுவது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் அவ்விரண்டையும் முதற்பொருள் என்கிறது. ஆண்டு கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாகப் பகுக்கப்பட்டது. ஆவணி தொடங்கி இரண்டிரண்டு மாதங்களாக அவை அமைகின்றன. முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் உரியவாயின.

கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு எந்தப் பெரும்பொழுது உரியது? தொல்காப்பியர் நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுதைச் சுட்டினாரேயன்றிப் பெரும்பொழுது எதனையும் தனித்துக் கூறவில்லை. பின்வந்த நம்பியகப்பொருள் ஆறு பெரும்பொழுதும் நெய்தலுக்கு உரியன எனக் கொண்டது. பரதவர் வாழ்வு ஆண்டு முழுதும் கடலோடு இயைந்தது. எந்தப் பருவத்திலும் அங்கு இரங்குதற்கு ஏது உண்டு. எனவே இலக்கிய நெறியில் இது பொருந்துவதே. ஆனால் ஓரிரு நாள் கடலாடி மீளும் சமவெளியினர் இவ்விதியைத் தமக்குப் பொருத்திக்கொள்ளலாகாது. கரையில் வாழ்பவர் ஆறு பருவத்திற்கும் ஏற்பத் தொழிலை மாற்றிக்கொள்ளும் அறிவுடையவர். நமக்கு அவ்வறிவு இல்லை. அவர்க்கு ஆறு பொழுதும் உரியன. நமக்கோ ஒன்றைத் தேர்தல் வேண்டும்.

காற்றுக்கும் நம் முன்னோர் திசைதோறும் பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கடற்கரை மக்கள் வழக்கில் வாடை, கொண்டல் என்பனவற்றோடு கச்சான், சோழகம் என்னும் பெயர்களும் இன்றளவும் உயிரோடு உள்ளன. காற்றைப் பணிகொண்டு கடலில் கலம் செலுத்திய முன்னோன் ஒருவனின் வழித்தோன்றலாகக் கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் போற்றுகிறார். கடலை அறிதல் என்பது காற்றை அறிதலே என்பது சங்க காலத்திலேயே தெளிந்த உண்மை எனலாம்.

ஒரு தீவு, இரு கடல்

இராமேசுவரத் தீவின் தனிச்சிறப்பு, அதன் இருபுறமும் இருவேறு இயல்புடைய கடல்கள் அமைந்திருப்பதாகும். வடபால் அமைந்தது பாக் விரிகுடா. அது ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டருக்கும் குறைவு. தென்பால் அமைந்தது மன்னார் வளைகுடா. அது கரையை விட்டு அகன்றதும் ஆழம் மிக்கதாய் இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடப்பது. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மீனவர் வழங்குவர். தனுக்கோடியில் நிலம் ஒடுங்கி அரிச்சல்முனையில் முடியுமிடத்தில் இவ்விரு நீரையும் ஒருங்கே காணலாம். இப்பகுதி 'கோடி' என்னும் பெயரால் அகநானூற்றிலேயே குறிக்கப்படும் தொன்மையுடையது.

வைகாசி முதல் புரட்டாசி முற்பகுதி வரை தென்மேற்குக் காற்று வீசும்போது மன்னார்க் கடல் கொந்தளிக்கும். பாக் கடலோ நிலத்தின் மறைவில் ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி முதல் தை முற்பகுதி வரை வடகிழக்குக் காற்று வீசும்போது நிலை தலைகீழாகும். அப்போது பாக் கடல் கலங்கி எழும். மன்னார்க் கரை புயலற்ற நாள்களில் தணிந்திருக்கும். ஒரு காற்று ஓய்ந்து மறு காற்று எழாத இடைக்காலத்தில்தான் இரு கடலும் ஒருசேர அமைதி கொள்கின்றன. அவ்விடைக்காலம் ஆண்டில் இருமுறை வருகிறது. ஒன்று புரட்டாசி இறுதியை ஒட்டிய சில நாள்கள். அது குறுகியது, மழை எப்போது முந்திக்கொள்ளும் என்று கூற இயலாதது. மற்றொன்று மாசியும் பங்குனியின் முற்பகுதியும். அது நீண்டது, வறண்டது, நம்பத்தக்கது.

சமவெளியில் நின்று கடலை அறிதல்

இவற்றை அறியக் கடற்கரைக்குச் சென்று பார்க்க வேண்டுவதில்லை. நம் சமவெளியில் நின்றே பெரிதும் உணரலாம்.

ஆனி, ஆடி மாதங்களில் திண்டுக்கல்லில் வீசும் காற்றை எண்ணுவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்தே தன் மழையைப் பொழிந்துவிட்டு, நம் பக்கம் வறண்ட காற்றாக இறங்கித் தெருவெல்லாம் புழுதியை எழுப்புவது அது. துணி உலர்த்தும் கொடிகள் அறும். வாழைத் தோட்டங்கள் சாயும். இத்தென்மேற்குக் காற்றேதான் மன்னார்க் கடலையும் கடைகிறது. 'அம்மி பறக்கும் ஆடி' என்று சொல்லிக் கதவைச் சாத்தும் நாளில் தனுக்கோடியின் தென்கரை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நம் குளங்களும் கண்மாய்களும் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையால். ஆத்தூர் காமராசர் அணையில் நீர் ஏறுகிறது என்று நாம் மகிழும் நாளில் பாக் கடலில் அலை ஏறுகிறது எனக் கொள்ளலாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்த கசாப் புயல் உள்நாட்டில் திண்டுக்கல், கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்ததை நம் மாவட்ட மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். கடலின் சினம் மலையடிவாரம் வரை எட்டும் என்பதற்கு அது சான்று.

மார்கழியில் மல்லிகை அருகிப் பூச்சந்தையில் விலை ஏறும். பனி விலகி வெயில் உறைக்கத் தொடங்கும்போது வரத்து மெல்லப் பெருகும். மல்லிகை மீண்டும் மலிவாகத் தொடங்கும் அவ்விடைப்பட்ட நாள்களே கடல் அமைதியுறும் நாள்களுமாகும். நிலக்கோட்டைப் பூக்கூடையைப் பார்த்தே கடலுக்குப் புறப்படும் காலத்தைக் கணிக்கலாம் என்றால் அது மிகையாகாது.

ஆறு பொழுதும் தீவின் நிலையும்

இனி ஆறு பெரும்பொழுதையும் தீவின் நிலையோடு வரிசைப்படுத்திக் காண்போம்.

கார் (ஆவணி, புரட்டாசி): இலக்கியம் இதனை மழைக்காலம் என்றாலும் இராமநாதபுரக் கரையில் பெருமழை இப்போது பெய்வதில்லை. தென்மேற்குக் காற்று மெல்லத் தளரும். புழுக்கம் மிகும். புரட்டாசி மகாளய அமாவாசையை ஒட்டித் தீவில் கூட்டம் பெருகும்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): தீவின் மெய்யான மழைக்காலம் இதுவே. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. புயல்களும் இப்பொழுதில் தோன்றுகின்றன. சுற்றுலாவுக்கு முற்றிலும் தவிர்க்க வேண்டிய காலம் இது.

முன்பனி (மார்கழி, தை): மார்கழி வரை புயல் அச்சம் நீங்குவதில்லை. தைப்பொங்கலுக்குப் பின் மழை ஓயும், வெயில் இதமாகும். பாக் கடலில் வாடையின் எச்சம் இருப்பினும் தென்கரை தணிந்திருக்கும். தைப் பிற்பகுதி செல்லத்தக்கது. தை அமாவாசை நாளை மட்டும் தவிர்த்தல் நலம்.

பின்பனி (மாசி, பங்குனி): காற்று ஓயும், நீர் தெளியும், வானம் துலங்கும். தனுக்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைக் கூட்டங்களைக் காணும் வாய்ப்பும் இப்போது உண்டு. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் கச்சத்தீவு அந்தோனியார் விழாவிற்கு இராமேசுவரத்திலிருந்து மக்கள் படகுகளில் செல்வதும், வங்கத்து நீச்சல் வீரர் மிகிர் சென் 1966 ஏப்ரல் 5, 6 நாள்களில் பாக் நீரிணையை நீந்திக் கடந்ததும் பின்பனியில் இக்கடல் கொள்ளும் அமைதிக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

இளவேனில் (சித்திரை, வைகாசி): வெயில் கடுமை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளதால் துறைமுகம் ஓய்ந்திருக்கும். காற்று தென்மேற்காகத் திரும்பத் தொடங்கும். தொலைதூரத் தென்கடலில் எழும் பேரலைகள், இங்குக் காற்று அடங்கியிருக்கும்போதே முன்னறிவிப்பின்றிக் கரையேறுவதைக் 'கள்ளக்கடல்' என்பர்.

முதுவேனில் (ஆனி, ஆடி): மேலே கூறியவாறு காற்றின் உச்சம். மணல் முகத்தில் அறையும். தென்கரையில் நீராடுதல் கூடாது.

காலம் தவறிய பயணங்கள்

காலமறிதல் வெறும் இன்பத்தைக் கூட்டும் கலையன்று. உயிரைக் காக்கும் அறிவும் ஆகும். இதற்கு வரலாறு சான்று பகர்கிறது.

பருவக்காற்று என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் மான்சூன் என்னும் சொல், பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. நாம் வழங்கும் மாலுமி என்னும் சொல்லும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித், எந்தத் துறையிலிருந்து எந்நாளில் கலம் புறப்பட வேண்டும் என்பதை நூலாகவே எழுதி வைத்தார். திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைப் பயணத்தையும் குறிப்பிடுகிறது. குளிர்காலத்தில் தெற்கே யமனுக்கும், கோடையில் வடக்கே சிரியாவுக்கும் அவர்கள் சென்றனர் என்பது விரிவுரையாளர் கூற்று. பருவத்திற்கேற்பத் திசையைத் தேர்ந்த வணிகரின் வழி அது.

பருவத்தின் இறுதியில் புறப்பட்டவர் பட்ட துன்பத்திற்கும் சான்று உண்டு. அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், அக்கா துறையில் கீழைக்காற்று வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலுமே வீசும் என்பதைத் தம் பயண நூலில் தெளிவாக எழுதியவர். அவரே 1184 அக்டோபரில் அங்கிருந்து கலமேறி, காற்று மாறிப் பல நாள் அலைக்கழிந்து, டிசம்பரில் சிசிலித் தீவின் மெசினா அருகே கலம் உடைந்து உயிர்தப்பினார். இன்று உலகோர் இன்பம் தேடிச் செல்லும் அதே மத்தியதரைத் தீவுதான் அவருக்குக் கலம் உடையும் கரையாயிற்று. நம் கடலிலும் அத்தகைய நிகழ்ச்சி உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு வந்த இப்னு பதூதா, பெருங்காற்றில் சிக்கிக் கரையருகே ஆழமற்ற நீரில் கலத்தை இழந்து பிழைத்தார்.

அண்மைக் காலத்துப் பெருந்துயர் 1964இல் நிகழ்ந்தது. டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் தனுக்கோடி நகரம் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டி நூற்றுக்கும் மேற்பட்ட பயணியரோடு கடலில் மூழ்கியது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் சிதைந்தது. தீவில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், தம் தந்தையார் கட்டிய படகு புயலொன்றில் அடித்துச் செல்லப்பட்டதைத் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நினைவுகூர்கிறார். 1964ஆம் ஆண்டுப் பெரும்புயல் வீசியது மார்கழி முதல் வாரம் என்பதையும், இன்று நம் சுற்றுலா வண்டிகள் மிகுதியாகச் செல்வதும் அதே வாரங்களில் என்பதையும் இணைத்துப் பார்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் அவ்வாறு நிகழும் என்பது நம் கருத்தன்று. நிகழக்கூடிய காலம் அது என்பதை மறத்தலாகாது என்பதே.

மே மாதத்திற்கும் அத்தகைய எச்சரிக்கை உண்டு. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துச் சென்றதில் மருத்துவ மாணவர் ஐவர் உயிரிழந்தனர். பேரலை குறித்த எச்சரிக்கை அந்நாள்களில் விடுக்கப்பட்டிருந்தது. பெற்றோர் ஒரு பிள்ளையை நம்பி ஒப்படைத்துச் சுற்றுலாவுக்கு அனுப்பும்போது, அதற்கான தேதியைக் குறிக்கும் ஆசிரியரின் பேனா எத்துணைப் பொறுப்புடையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பிறைக் கணக்கும் பருவக் கணக்கும்

இசுலாமியக் குடும்பங்களுக்கும் நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கும் மற்றொரு கணக்கும் உண்டு. இசுலாமிய ஆண்டு பிறையை அடிப்படையாகக் கொண்டது; ஏறத்தாழ 354 நாள்களை உடையது. ஆகவே ஒவ்வொரு மாதமும் ஞாயிற்று ஆண்டில் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும்.

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா துல்கஅதா மாதத்தில் நடைபெறுவது. 2025இல் அது மே மாதத்தில் அமைந்தது. இன்னும் பதினாறு, பதினேழு ஆண்டுகளில் அது வடகிழக்குப் பருவமழையின் நடுவே வரும். 'சந்தனக்கூட்டிற்குச் சென்று அப்படியே கடலாடி வருவோம்' என்னும் வழக்கம் உடையோர், விழாவின் நாள் நகர்வதை நினைவிற்கொண்டு, கடலாடுதலைத் தனியே வேறு பருவத்தில் வைத்துக்கொள்வது நன்று.

ரமலான் மாதம் 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலும், 2027இல் இரண்டாம் வாரத்திலும், 2028இல் சனவரி இறுதியிலும், 2029இல் சனவரி நடுவிலும் பிறையைப் பொறுத்துத் தொடங்குகிறது. நாம் சிறந்ததெனக் கண்ட தை, மாசிக் காலத்தின் பெரும்பகுதியை இவ்வாண்டுகளில் நோன்பு நிறைத்துவிடுகிறது. நோன்பிருக்கும் மாணவரை வெயிலில் அழைத்துச் செல்வதும், அவர்களை விடுத்துப் பிறரை மட்டும் அழைத்துச் செல்வதும் ஒருசேரப் பொருந்தாதவை. இதற்கு டிசம்பருக்குத் திரும்புதல் தீர்வாகாது. பெருநாளுக்கும் ஏப்ரல் பருவத் தேர்வுக்கும் இடையில் மாசி இறுதியிலோ பங்குனித் தொடக்கத்திலோ சில நாள்கள் எஞ்சவே செய்கின்றன. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அந்நாள்களை நாட்காட்டியில் குறித்து வைத்தால் போதுமானது. ஓர் ஆண்டு அதுவும் இயலாதெனின் சுற்றுலாவை மலைக்கோ அருங்காட்சியகத்திற்கோ மாற்றிக்கொள்ளலாம். கடல் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

இடனறிதல்

காலத்தைத் தேர்ந்த பின்னும் இடத்தைத் தேர்தல் வேண்டும். அதற்கான குறிப்புகள் சில வருமாறு.

1. தனுக்கோடியும் அரிச்சல்முனையும் கண்டு மகிழ்வதற்கு உரிய இடங்கள். நீராடுவதற்கு உரியன அல்ல. இரு கடலின் நீரோட்டமும் அங்கு மிகுதி. கரையோரத்திலேயே ஆழம் திடுமென மாறும்.

2. நீராட விரும்புவோர்க்கு, தீவை அடையும் முன்னரே உச்சிப்புளி அருகே பாக் கடலை ஒட்டி அமைந்த அரியமான் கடற்கரை ஏற்றது. காற்றில்லாக் காலத்தில் அங்கு அலை குறைவு; ஆழமும் மெல்லவே கூடும்.

3. நெய்தலுக்கு உரிய எற்பாடு, எல்லாகிய ஞாயிறு படும் பொழுது என்பர்; காலைப் பொழுது எனக் கொள்வாரும் உளர். சுற்றுலாவில் இரண்டும் பயன்படும். அரிச்சல்முனைச் சாலையில் பொழுது சாய்ந்த பின் செல்ல விடுவதில்லை. எனவே விடியலில் தனுக்கோடியும் மாலையில் அரியமானும் எனத் திட்டமிடலாம்.

4. புறப்படும் நாளுக்கு முன்பே வானிலை அறிவிப்பைக் கேட்டறிதல் வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருப்பின், செலுத்திய முன்பணம் போயினும் பயணத்தை நிறுத்துவதே முறை. பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தால் தொடர்வண்டியை நிறுத்தும் விதி இருந்தது. இரும்பால் ஆன பாலமே காற்றுக்குக் கட்டுப்பட்டு நின்றது; நாம் நிற்பதில் தாழ்வில்லை.

5. மன்னார் வளைகுடாவின் 21 சிறு தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவன. இசைவின்றி அங்குச் செல்வதும், பவளத்தையும் சங்கையும் எடுத்து வருவதும் குற்றமாகும்.

6. கரையில் வாழும் மீனவரிடம், 'இன்று எந்தக் காற்று, எந்தப் பக்கம் இறங்கலாம்' என்று கேட்டறிந்த பின்னரே மாணவரை நீரில் இறங்க விடுதல் வேண்டும். ஆறு பொழுதும் அக்கடலோடு வாழ்பவரின் சொல்லே நமக்கு வழிகாட்டி.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. மத்தியதரைத் தீவுகளில் பருவத்தை ஞாயிறு வகுக்க, இராமேசுவரத் தீவில் காற்று வகுக்கிறது. தென்மேற்குக் காற்றில் தென்கடலும் வடகிழக்குக் காற்றில் வடகடலும் கலங்குகின்றன. இரண்டும் ஓய்ந்த மாசியும் பங்குனி முற்பகுதியும் தலைசிறந்த காலம். தைப் பிற்பகுதி அதற்கு அடுத்தது. நாம் வழக்கமாகச் செல்லும் டிசம்பரும் மே மாதமும் விடுமுறைக்கு எளியனவே அன்றிக் கடலுக்கு உரியன அல்ல.

ஆதலின் நம் துறைகள் சுற்றுலா நாளை விடுமுறைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கத்தை மாற்றி, முதலில் காற்றையும் அடுத்துப் பிறையையும் அதன்பின் தேர்வு அட்டவணையையும் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். அதற்காக வேலை நாள்களில் இரண்டை விட்டுக்கொடுக்க நேரினும் அது இழப்பாகாது. இழந்த வகுப்பை ஒரு சனிக்கிழமையில் ஈடுசெய்துவிடலாம். நெய்தலைப் பாடமாகப் படித்த நம் மாணவர் அதனைக் கண்ணாரக் கண்டு, சென்ற அத்தனை பேரும் நலமே வீடு திரும்ப வேண்டும். அதற்கு உரிய நாளைக் குறிப்பது ஆசிரியராகிய நம் கடமையாகும்.